சிட்டா நகல் முதல் கைரேகை வரை: காவிரி டெல்டா வீடுகளுக்கான இணையப் பாதுகாப்புக் கேள்வி பதில்கள்

ஒரு போகம் முடிவதற்குள் ஒரு டெல்டா விவசாயியின் ஆதார் நகலும் பாஸ்புக்கின் முதல் பக்கமும் எத்தனை கைகளுக்குப் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பயிர்க்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு தொகுப்பு, காப்பீட்டுக்கு இ-சேவை மையத்தில் ஒன்று, அறுவடை முடிந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா அடங்கலோடு இன்னொன்று. இவ்வளவுக்கும் நகல் எடுத்த ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி கிடக்கும். இணைய மோசடி பற்றிய அறிவுரைகள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. நம் பக்கத்தில் தகவல் போவது பெரும்பாலும் காகிதத்தில், பணம் போவது செல்போனில். கீழே உள்ள பதில்கள் இரண்டையும் சேர்த்தே பேசுகின்றன.

பேசியவர் என் பெயர், ஊர், சர்வே எண், எந்த வங்கியில் கணக்கு என்பது வரை சரியாகச் சொன்னார். அப்படியென்றால் உண்மையான அதிகாரிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒருவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் யார் என்பதற்குச் சான்று ஆகாது. பட்டா, சிட்டா விவரங்களை அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து யாரும் பார்க்கலாம். கணக்கு எண் பாஸ்புக் நகலில் இருக்கிறது. கைபேசி எண் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது. இவற்றை ஒன்று சேர்த்து வைத்திருப்பவர் உங்கள் வீட்டு ஆளைப் போலப் பேச முடியும்.

ஆகவே "சரியாகச் சொல்கிறாரா" என்று பார்க்காதீர்கள். "என்ன கேட்கிறார்" என்று பாருங்கள். ஓடிபி, யூபிஐ பின், ஏடிஎம் அட்டையின் பின்பக்க மூன்று இலக்கம், ஒரு செயலியை இறக்குவது, திரையைப் பகிர்வது, ஒரு லிங்கைத் தொடுவது, "சரிபார்ப்புக்காக" ஒரு ரூபாய் அனுப்புவது. இவற்றில் எதைக் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அதன் பிறகு அவர் கொடுத்த எண்ணுக்குப் பேச வேண்டாம். பாஸ்புக்கிலோ ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். கூகுளில் "வாடிக்கையாளர் சேவை எண்" என்று தேடி எடுப்பதும் ஆபத்து. பொய்யான எண்களை அங்கே ஏற்றி வைப்பது பழைய தந்திரம்.

எதை ஒளித்து வைக்க வேண்டும், எதைக் கொடுத்தால் பாதகமில்லை?

கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் மட்டும் தெரிந்தால் உங்கள் கணக்கில் பணம் போட முடியும், எடுக்க முடியாது. நெல் வியாபாரியிடம் அதைக் கொடுக்கப் பயப்பட வேண்டாம். ஆதார் எண், அதோடு எந்த வங்கி என்ற விவரம், அதோடு கைரேகை: இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பணம் எடுக்கலாம். பான் எண்ணும் பிறந்த தேதியும் ஆதார் நகலும் சேர்ந்தால் உங்கள் பெயரில் கடன் கேட்கலாம். ஓடிபியும் பின்னும் யாருக்கும் இல்லை. பெற்ற பிள்ளைக்குச் சொல்வதைக் கூட வழக்கமாக்காதீர்கள். பிள்ளையின் குரலில் பேச ஆள் வருகிற காலம் இது.

ஜெராக்ஸ் கடையிலும் இ-சேவை மையத்திலும் எதில் கவனம் வேண்டும்?

கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருகிறவர் யார் என்று அவருக்கும் தெரியாது.

முதலில், எண் மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள். ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கும்போது அந்தத் தெரிவைத் தேர்ந்தால் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் கோப்பு கிடைக்கும். தங்கும் விடுதி, சிம் கடை, வாடகை வீடு போன்ற இடங்களில் முதலில் அதையே நீட்டுங்கள். முழு எண் கட்டாயம் என்று எதிரில் இருப்பவர் காரணம் சொன்னால் மட்டும் முழு நகல். பதிவிறக்கும் கோப்பின் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரை எழுதி வைத்தால் அந்தப் பூட்டால் பெரிய பயன் இல்லை.

நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே படும்படி, எதற்கு, யாருக்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "2025 சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு மட்டும்" என்பது போல. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுத்துவிடலாம்.

கடையின் வாட்ஸ்அப்புக்குக் கோப்பை அனுப்பி அச்சிட்டால், வேலை முடிந்ததும் உங்கள் பக்கத்தில் "எல்லோருக்கும் நீக்கு" கொடுத்தாலும் அங்கே பதிவிறங்கிய பிரதி அழியாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து கோப்பைத் தேர்ந்து ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் ஒன்றாக அழுத்தச் சொல்லுங்கள். வெறும் டெலீட் என்றால் அது குப்பைத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். உங்கள் வாட்ஸ்அப்பையோ ஜிமெயிலையோ அந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் வெளியேறிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் வாட்ஸ்அப்பின் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைப் பாருங்கள். தெரியாத கணினி இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். பாழான நகல்களைக் கடையில் விட்டு வராதீர்கள். மிக்சர் மடிக்கிற காகிதமாக அவை வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்ணுக்குப் பதிலாகக் கடைக்காரர் தன் எண்ணைப் போடுவது சகஜம். ஓடிபிக்காக மறுபடி மறுபடி கூப்பிட வேண்டாமே என்று செய்வார். அதை அனுமதிக்காதீர்கள். பிறகு அந்தக் கணக்கின் சாவி அவரிடம்தான்.

ஓடிபியே வராமல் கைரேகை வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியுமா?

முடியும். ஆதார்வழிப் பணப் பட்டுவாடா முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை போதும். அட்டை, பின், ஓடிபி எதுவும் கேட்காது. ஊருக்குள் கைக்கருவியோடு வந்து நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் உதவித் தொகையையும் கொடுக்கும் வங்கி முகவர்கள் பயன்படுத்துவது இதைத்தான். வங்கிக் கிளைக்கு நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

மோசடி இரண்டு வழியில் நடக்கிறது. பத்திரப் பதிவு ஆவணங்களின் பிரதியிலிருந்து ரேகையை எடுத்து ரப்பர் போன்ற பொருளில் அச்சு வார்த்துப் பணம் எடுத்த வழக்குகள் வேறு மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டாவது இதைவிட எளியது. "ரேகை சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொல்லி இரண்டு முறை எடுப்பது. ஒவ்வொரு முறை ரேகை வைத்த பிறகும் ரசீது கேளுங்கள். தோல்வி என்றாலும் அதற்கும் சீட்டு வரும். வயல் வேலையில் தேய்ந்த விரல்களுக்கு ரேகை உண்மையிலேயே விழாமல் போவதும் உண்டு. சீட்டைப் பார்க்காமல் இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

கைரேகையைப் பூட்டி வைக்கலாம் என்கிறார்களே, எப்படி?

மைஆதார் டாட் யூஐடிஏஐ டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலோ அதிகாரப்பூர்வ ஆதார் செயலியிலோ ஆதார் எண் கொடுத்து, பதிவான கைபேசிக்கு வரும் ஓடிபியால் உள்ளே போங்கள். பயோமெட்ரிக் பூட்டு என்ற பகுதியைத் திறந்து, ஒப்புதல் கட்டத்தில் குறியிட்டு முடித்தால் பூட்டு விழுந்துவிடும். கட்டணம் இல்லை. ஆதாரில் கைபேசி எண் பதிவாகவில்லை என்றால் முதலில் ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் அதைச் சேர்க்க வேண்டும்.

பூட்டியபின் நடப்பதையும் தெரிந்துகொண்டு பூட்டுங்கள். ரேஷன் கடையில் விரல் வைத்தால் ஏற்காது. புது சிம் வாங்கும்போதும், ஓய்வூதியருக்கான உயிர்வாழ் சான்றின்போதும் அப்படியே. தற்காலிகமாகத் திறக்கும் வசதி அதே பகுதியில் இருக்கிறது. சில நிமிடங்களுக்குத் திறந்து தானாக மறுபடி பூட்டிக்கொள்ளும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது செய்தால் போதும், ஆனால் ஓடிபி வரும் கைபேசி கையில் இருக்க வேண்டும்.

எங்கள் கருத்து: சொந்தமாக ஸ்மார்ட்ஃபோன் இயக்கத் தெரிந்தவர்கள் இன்றே பூட்டிவிடலாம். மாதாமாதம் முகவரிடம் விரல் வைத்துப் பணம் வாங்கும் பாட்டிக்குப் பூட்ட வேண்டாம், அவர் வருமானமே நின்றுபோகும். அவருக்கு வேறு வழி: சேமிப்பை ஒரு கணக்கிலும் உதவித் தொகை வரும் கணக்கைத் தனியாகவும் வைத்து, சேமிப்புக் கணக்கில் கைரேகைவழிப் பணம் எடுக்கும் வசதியை நிறுத்தும்படி வங்கிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரையிட்ட பிரதி வாங்குங்கள்.

அதே ஆதார் தளத்தில் "அங்கீகார வரலாறு" என்று ஒரு பகுதி உண்டு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எப்போது, எந்த நிறுவனத்தால், எந்த வகையில் சரிபார்க்கப்பட்டது என்று காட்டும். நீங்கள் விரலே வைக்காத நாளில் கைரேகைச் சரிபார்ப்பு இருந்தால் உடனே வங்கிக்குப் போங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் "பிஎம் கிசான்" என்ற பெயரில் ஒரு கோப்பு வந்தது. தெரிந்தவர்தான் அனுப்பினார். திறக்கலாமா?

கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் திறக்கக் கூடாது, யார் அனுப்பியிருந்தாலும். அது ஆவணம் இல்லை, செயலி. பிஎம் கிசான் தவணை, போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, மின் இணைப்புத் துண்டிப்பு என்று காலத்துக்கு ஏற்பப் பெயர் மாறும், உள்ளே இருப்பது ஒன்றே. நிறுவியதும் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவர்களுக்கும் போகும். அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) அனுமதியையும் கொடுத்துவிட்டால் திரையைப் பார்க்கவும் உங்களுக்காகத் தொடவும் அதனால் முடியும். பிறகு உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்தே எல்லா குரூப்புக்கும் அந்தக் கோப்பை அனுப்பும். "தெரிந்தவர்தான் அனுப்பினார்" என்பதன் காரணம் இதுதான். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக நேரே கணக்குக்கு வருகிறது. எந்தக் கோப்பையும் திறந்து அதைப் பெற வேண்டியதில்லை. இகேஒய்சி எனப்படும் ஆதார்வழி அடையாளச் சரிபார்ப்பு நிலுவை என்றால் அதன் அரசுத் தளத்திலோ பொதுச் சேவை மையத்திலோ முடிக்கலாம். மேட்டூர் திறப்பையொட்டிய குறுவைத் தொகுப்பு, வெள்ள நிவாரணம், மகளிர் உரிமைத் தொகை என்று எது அறிவிக்கப்பட்டாலும் போலி லிங்குகள் பின்னாலேயே வரும். அறிவிப்பை உழவன் செயலியிலோ வேளாண் உதவி அலுவலரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஐயோ, நிறுவிவிட்டேன். இப்போது என்ன?

வரிசை முக்கியம்.

1. உடனே விமானப் பயன்முறையை (ஏர்பிளேன் மோட்) போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். இணையம் இல்லாமல் அதனால் ஓடிபியை வெளியே அனுப்ப முடியாது.
2. வேறு கைபேசியிலிருந்து வங்கிக்கு அழைத்து யூபிஐ, நெட்பேங்கிங், அட்டை மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள்.
3. பணம் போயிருந்தால், இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். இது செயலியை அழிப்பதற்கு முந்திய வேலை.
4. அமைப்புகளில் அணுகல்தன்மை, சாதன நிர்வாகி (டிவைஸ் அட்மின்) ஆகிய இரண்டு பகுதிகளிலும் அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை எடுங்கள். அதை எடுக்காவிட்டால் "நீக்கு" பொத்தான் வேலை செய்யாது. பலர் தடுமாறுவது இங்கேதான். சில செயலிகள் சின்னத்தையே மறைத்துக்கொள்ளும். செயலிகளின் முழுப் பட்டியலில் பெயரில்லாத அல்லது புதிதான ஒன்றைத் தேடுங்கள்.
5. படங்களை மட்டும் காப்பெடுத்துக்கொண்டு முழு ரீசெட் செய்யுங்கள். கடவுச்சொற்களையும் யூபிஐ பின்னையும் அதன் பிறகே, அல்லது வேறு சாதனத்தில் மாற்றுங்கள். தொற்று இருக்கும்போதே மாற்றினால் புதிய பின்னும் அவர்களுக்குப் போகும்.

புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ரீசெட்டுக்கு முன் அந்தச் செய்தி, அனுப்பியவர் எண், கோப்பின் பெயர், நேரம் எல்லாம் தெரியும்படி வேறு கைபேசியால் படம் எடுத்து வையுங்கள்.

யூபிஐயில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் தேவையில்லை. இருப்பைப் பார்க்க நீங்களே போடுவதைத் தவிர, பின் எண் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்றே பொருள். பழைய டிராக்டரையோ கறவை மாட்டையோ இணையத்தில் விற்கப் போட்டால், பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டு "முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்பவர் வாங்க வந்தவர் இல்லை. தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யூபிஐயில் பணம் "கேட்கும்" வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. வணிகர் பெயரில் கோரிக்கை இன்னும் வரலாம், எனவே பெயரைப் படிக்காமல் பின் போட வேண்டாம்.

"தவறுதலாக 5,000 அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தால் நீங்களே திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பியவர் தன் வங்கி மூலமாகக் கேட்கட்டும். கடை வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாக எடுக்க வேண்டாம். தினமும் கடை திறந்ததும் உங்கள் க்யூஆர் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஒரு லிங்கோ குறுஞ்செய்தியோ உண்மையா என்று கண்டுபிடிக்க வழி?

முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் வலமிருந்து இடமாகப் படியுங்கள். அரசுத் தளம் பெரும்பாலும் டாட் ஜிஓவி டாட் இன் என்று முடியும். நடுவில் ஜிஓவி என்று வந்து கடைசியில் காம், டாப், எக்ஸ்ஒய்இசட் என்று முடிந்தால் போலி. வங்கிகள் தங்கள் தளத்தை டாட் பேங்க் டாட் இன் என்ற முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. அந்த முடிவு இல்லாத "வங்கித் தளத்தில்" பயனர் பெயரைத் தட்டாதீர்கள்.

வங்கியின் குறுஞ்செய்தி சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வராது, எழுத்துக் குறியீட்டிலிருந்து வரும். அந்தக் குறியீட்டின் கடைசி எழுத்தையும் பாருங்கள்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிமாற்றம், ஜி அரசு.

வாட்ஸ்அப் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்கிறார்களே, அதெப்படி?

உங்களுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை ஏமாற்றி வாங்கித்தான். "என் குறியீடு தவறுதலாக உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே கேட்பார்கள். தடுக்க: அமைப்புகள், கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கப் பின் வைத்து, மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். பறிபோனால் வாட்ஸ்அப்பை மறுபடி நிறுவி உங்கள் எண்ணையும் வரும் குறியீட்டையும் கொடுத்தால் அவர் வெளியேறிவிடுவார். அவர் புதிதாகப் பின் வைத்திருந்தால் உள்ளே போக ஏழு நாள் ஆகும், ஆனால் அந்த ஏழு நாளும் அவராலும் உள்ளே வர முடியாது. அதற்குள் உறவினர்களுக்கு நேரில் அழைத்துச் சொல்லுங்கள், அவர்களிடம்தான் பணம் கேட்டிருப்பார்.

காவல்துறை என்று வீடியோ அழைப்பில் வந்து "டிஜிட்டல் கைது" என்கிறார்கள்.

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. எந்தக் காவல் நிலையமும், சிபிஐயும், நீதிமன்றமும் வீடியோவில் உட்கார வைத்துப் பணத்தை "சரிபார்ப்புக் கணக்குக்கு" மாற்றச் சொல்லாது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, ஊரில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் இதற்கு எளிதில் இலக்காகிறார்கள். "யாரிடமும் சொல்லக் கூடாது, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது" என்பதே இந்த மோசடியின் அச்சாணி. துண்டித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொன்ன கணமே அது உடைந்துவிடும். வயதானவர் நிரந்தர வைப்பை உடைக்க அவசரமாக வந்து நின்றால், வங்கி ஊழியர்கள் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும்.

கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் இலவசம் என்று டெலிகிராமில் வந்தது.

போகாதீர்கள். கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளின் மோசடி வளாகங்களில் இந்திய இளைஞர்கள் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலைக்கு அடைக்கப்பட்டது உண்மை. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசா வாங்கலாம் என்று சொன்னாலே நின்றுவிடுங்கள். முகவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் உரிம எண்ணோடு பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும். பாஸ்போர்ட் படத்தைக் கேட்டவுடன் அனுப்புவதும் ஆபத்து.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொன்று. ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் துண்டிக்கப்பட்டு, சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுக்கப்படும். ஆதாரும் வங்கியும் அந்த எண்ணில் இருந்தால் உங்கள் ஓடிபி முன்பின் தெரியாதவருக்குப் போகும். கிளம்பும் முன் சிம்மை உயிரோடு வைக்க ஏற்பாடு செய்யுங்கள், அல்லது எண்ணை மாற்றுங்கள்.

உடனடிக் கடன் செயலிகள்?

தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அங்கேயே விலகுங்கள். அவற்றை எடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த டிஜிட்டல் கடன் விதி. கேட்பதன் நோக்கம் பிறகு உறவினர்களுக்கு அழைத்து அவமானப்படுத்துவது. முறையான கடன் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பான் மீது கடன் இருக்கிறதா என்று அறிய, கடன் தகவல் நிறுவனங்கள் நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்.

பணம் போய்விட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

1930-க்கு அழையுங்கள். வங்கி, கணக்கு எண், தொகை, நேரம், யூபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஒரு கணக்கில் தங்காது, சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து போகும். எங்கே நிற்கிறதோ அங்கே முடக்குவதுதான் அந்த எண்ணின் வேலை. இணைப்பு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நேரே பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் சொன்னவர்களும் அங்கே புகாரை முழுமை செய்ய வேண்டும். பிறகு வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு மறுநாள் போகலாம். முதலில் அங்கே போய்க் காத்திருந்து நேரத்தை இழக்க வேண்டாம்.

இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று அதன்பின் வரும் அழைப்புகளும் மோசடியே.

வங்கி பணத்தைத் திருப்பித் தருமா?

2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு சுழியம். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் வரம்புக்குட்பட்ட பொறுப்பு. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000, சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை. கைரேகை மோசடியையும் இந்த வகையில் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். நீங்களே பின்னையோ ஓடிபியையோ சொல்லியிருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரையான நட்டம் உங்களுடையது, அதற்குப் பிந்தியது வங்கியுடையது. அதனால்தான் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு இரவு கூடத் தாமதிக்கக் கூடாது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம், விவரம் கேட்க 14448.

எந்தத் தப்பும் செய்யாத என் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஏன்?

திருட்டுப் பணத்தின் ஒரு துளி உங்கள் கணக்கைத் தொட்டிருக்கும். நெல், வாழைத்தார், பூ என்று ஏதாவது வாங்கியவர் அந்தப் பணத்தில் கொடுத்திருக்கலாம். கிளையில் மூன்று விவரம் கேளுங்கள்: புகார் எண், எந்த மாநிலக் காவல் நிலையம், எந்தத் தொகைக்கு. விற்பனைச் சீட்டு, எடைச் சீட்டு, வாங்கியவரோடு நடந்த செய்திப் பரிமாற்றம் ஆகியவற்றோடு அந்த நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் விளக்கம் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல் அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "உன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்பது வாடகை இல்லை, குற்றத்தில் பங்கு. அட்டையில் உங்கள் பெயர்தான் இருக்கும், தேடி வருவதும் உங்களைத்தான்.

என் படத்தை ஆபாசமாக மாற்றி, பரப்புவோம் என்று மிரட்டுகிறார்கள்.

பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த கேட்பு வரும். செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்து, மிரட்டுபவரின் கணக்கைத் தடை செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெயர் வெளியிடாமலும் பதியலாம். உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ தளத்தில், உங்கள் கைபேசியை விட்டுப் படம் வெளியேறாமலே, அந்தப் படத்திலிருந்து உருவாக்கப்படும் ஓர் எண் அடையாளத்தை மட்டும் பதியலாம். பங்கேற்கும் சமூக வலைத்தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தடுக்கும். வீட்டாருக்கு ஒரு வார்த்தை: மிரட்டப்படும் பெண்ணின் கைபேசியைப் பிடுங்காதீர்கள். சான்றும் அதில்தான், துணையும் அதில்தான்.

கைபேசி தொலைந்தால்?

சிம்மை முதலில் முடக்குங்கள், பிறகு வங்கி, பிறகு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், கைபேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைத் தடை செய்யுங்கள். அந்த எண் பெட்டியின் மேல் இருக்கும். இப்போதே நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று தட்டினால் திரையில் வரும், எழுதி வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதே தளத்தில் பார்த்து, உங்களுடையது அல்லாததை நீக்கக் கோரலாம். மற்றவர்களுக்கு சிக்னல் இருக்க உங்கள் எண்ணுக்கு மட்டும் வெகுநேரம் இல்லையென்றால் அதே எண்ணுக்கு யாரோ வேறு சிம் வாங்கியிருக்கலாம். உடனே சிம் நிறுவனத்திடம் கேளுங்கள்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் கைபேசியில் என்ன அமைத்துக் கொடுக்கலாம்?

அடுத்த முறை பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ வரும்போது அரை மணி ஒதுக்குங்கள். தீய செயலிகளைக் கண்டறியும் கூகுள் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா பாருங்கள். "தெரியாத செயலிகளை நிறுவு" என்ற அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அணைத்து வையுங்கள், ஏபிகே தொட்டாலும் உள்ளே போகாது. தெரியாத எண்களின் வாட்ஸ்அப் அழைப்பைச் சத்தமில்லாமல் ஆக்கும் அமைப்பைப் போடுங்கள். யூபிஐயை ஒரு சிறிய கணக்கோடு மட்டும் இணையுங்கள், நெல் பணமும் நகைக்கடன் பணமும் வரும் கணக்கு யூபிஐ இல்லாமலே இருக்கட்டும். வங்கியின் உண்மையான எண்ணைப் பெயரோடு பதிந்து, 1930-ஐயும் பதிந்து, இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி பாஸ்புக் உறையில் வையுங்கள். அவசரம் என்று உங்கள் குரலில் யார் பணம் கேட்டாலும் அவர்கள் திருப்பிக் கேட்க ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். பாட்டி வீட்டுப் பசுவுக்கு என்ன பெயர் என்பது போல, எந்த நகலிலும் எந்த முகநூல் பதிவிலும் இல்லாத ஒன்றாக இருக்கட்டும்.